கடல் கடந்த கல்வியும் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவனின் குறிக்கோளும்

பொறியியலின் கிளைகளுள் உயிர்மருத்துவப் பொறியியல் மிக இளையது. பாலம் கட்டும் கலையும் குளம் கட்டி நீர் பாய்ச்சும் கலையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையன. மின்னியற் பொறியியலுக்கும் ஒன்றரை நூற்றாண்டு வயது ஆகிவிட்டது. உடலின் உறுப்பொன்று தொழில் இழந்தவிடத்து அத்தொழிலைப் பொறியினாற் செய்விக்கவும், உடலினுள்ளே நிகழ்வதைப் பொறியினாற் கண்டறியவும் முயலும் இக்கலையோ, 1960ஆம் ஆண்டை அடுத்த காலத்திலேதான் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலே தனிப் பாடமாக வேரூன்றியது. இதன் வித்துகள் அதற்கு முன்னரே விழுந்திருந்தன. 1895இல் ஜெர்மனியிலே றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1943இல், பகைவர் படையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒல்லாந்து நாட்டின் காம்பென் என்னும் சிறு நகரத்து வைத்தியர் வில்லெம் கொல்வ், இறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோபேன் குழாயைப் பெரிய உருளையொன்றிற் சுற்றிச் சிறுநீரகத்தின் தொழிலைச் செய்யும் பொறியொன்றை ஆக்கினார். 1958இல் சுவீடன் நாட்டிலே, இருதயத் துடிப்பை ஒழுங்கு செய்யும் சிறு மின்கருவி முதன்முறையாக நோயாளி ஒருவரின் உடலினுள்ளேயே முழுமையாக வைக்கப்பட்டது. இவற்றைச் செய்தோருள் எவரும் உயிர்மருத்துவப் பொறியியலிற் பட்டம் பெற்றவரல்லர்; அவ்வாறு ஒரு பட்டம் அந்நாளில் இருக்கவில்லை.

இன்று அப்பட்டத்தை இலங்கையிலேயே பெறலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும், ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இத்துறைக்கெனப் பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. ஆனால் இடங்கள் சில; போட்டியோ பெரிது. மாத்தளை மாவட்டத்துத் தமிழ் மாணவனுக்கு வழி இன்னும் ஒடுக்கமானது. உயர்தர வகுப்பிலே இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்திலே சிலவே உள்ளன. அவ்வழியைக் கடந்து தேறிய பின்னும் உள்நாட்டில் இடம் கிட்டாதவன் கடல் கடக்க எண்ணுகின்றான். உள்நாட்டிலே பட்டம் பெற்றவனும் மேற்படிப்புக்காகக் கடல் கடக்கின்றான். 1959இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசிலும், யப்பானிய அரசினதும் இந்திய அரசினதும் உதவித்தொகைகளும் சிலருக்கு வாய்க்கின்றன. ஏனையோரின் பெற்றோர் காணியை ஈடு வைக்கின்றனர், நகையை விற்கின்றனர். ஆகவே ஒரு மாணவன் வெளிநாட்டிலே இக்கலையைக் கற்கும்போது அவனுடைய குறிக்கோள் எவ்வாறு உருப்பெறுகின்றது என்னும் வினா, அவனுக்கு மாத்திரம் உரியதன்று. அவனை அனுப்பிய குடும்பத்துக்கும், அவனைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இலவசமாகக் கற்பித்த நாட்டுக்கும் அதிலே பங்குண்டு.

இத்துறையை ஏனைய பொறியியற் கிளைகளினின்றும் பிரிக்கும் வேறுபாடொன்றை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். மான்செஸ்ரரிலே கற்ற பாலக் கணிதம் மகாவலி கங்கைக்கும் பொருந்தும். இரும்பின் வலிமை தேசத்துக்குத் தேசம் மாறுவதில்லை. உடலுக்கென ஆக்கப்படும் கருவி அத்தகையதன்று. மனித உடல் எங்கும் ஒன்றேயாயினும், அவ்வுடல் வாழும் வாழ்க்கை ஒன்றன்று. மேனாட்டுச் செயற்கைக் கால், அதனை அணிபவர் சப்பாத்து அணிவார், கதிரையில் அமர்வார், சமதரையில் நடப்பார் என்னும் எண்ணத்தோடு ஆக்கப்படுகின்றது. அங்குள்ள வைத்தியசாலைக் கருவி, மின்சாரம் தடைப்படாது, குளிரூட்டிய அறை உண்டு, பழுதான உறுப்பு மறுநாளே வந்து சேரும், செலவைக் காப்புறுதி ஏற்கும் என்னும் எண்ணங்களோடு ஆக்கப்படுகின்றது. இவ்வெண்ணங்கள் வரைபடத்தில் எழுதப்படுவதில்லை, விரிவுரையிற் சொல்லப்படுவதுமில்லை. அந்நாட்டு மாணவனுக்கு அவை மூச்சுக் காற்றுப் போன்றன. வேற்று நாட்டிலிருந்து சென்றவனுக்குத்தான் அவை கண்ணிற் படக்கூடியன. கண்ணிற் பட்டவன் குறிக்கோள் ஒரு திசையிலும், படாதவன் குறிக்கோள் மற்றொரு திசையிலும் செல்லக் காணலாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால், கேரளத்திலே மாவேலிக்கரையில் 1934இற் பிறந்தவர் எம். எஸ். வலியத்தான். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் 1956இல் மருத்துவப் பட்டம் பெற்று, இங்கிலாந்திலே லிவர்பூலிற் சத்திரசிகிச்சை கற்று, 1960இல் எவ்.ஆர்.சி.எஸ். ஆனார். பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், ஜோர்ஜ்ரவுண் ஆகிய பெருங் கலாசாலைகளில் இருதய சத்திரசிகிச்சை பயின்றார். ஜோர்ஜ்ரவுணில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் சார்ள்ஸ் ஹவ்நாகல். 1952இலே செயற்கை வால்வொன்றை நோயாளியின் பெருநாடியிற் பொருத்தி, உலகிலே அத்தொழிலைத் தொடக்கி வைத்தவர் அவர். கருவியை விலைக்கு வாங்கிப் பொருத்துபவராக அன்றி, கருவியைத் தாமே எண்ணி ஆக்கியவராக ஒரு வைத்தியரை அருகிருந்து காணும் வாய்ப்பு வலியத்தானுக்குக் கிடைத்தது. இத்தகைய வாய்ப்பு நூலறிவினும் பெரிது. வெளிநாட்டுக் கல்வியின் பயன் யாதென வினவுவோர், நூல்களையும் ஆய்கூடங்களையும் பட்டியலிட்டுக் காட்டுவர். அவற்றுட் பெரும்பாலானவற்றை இந்நாளில் வீட்டிலிருந்தே பெறலாம். செய்பவரின் அருகே நிற்பதை அவ்வாறு பெறல் இயலாது.

தாய்நாடு மீண்ட வலியத்தான், 1974இலே திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பெயரால் அமையவிருந்த மருத்துவ நிலையத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். கை தேர்ந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் புதிய வைத்தியசாலை ஒன்றிற்குத் தலைவராயின், சிறந்த சத்திரசிகிச்சைக் கூடம் அமைப்பதே அவருடைய குறிக்கோளாகும் என எவரும் எதிர்பார்ப்பர். ஆயின் அவர் கண்ட நிலை வேறாக இருந்தது. தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து இளவயதிலே வந்து இருதய வால்வுகளைச் சிதைக்கும் வாதக் காய்ச்சல், ஏழை மக்களிடையே பரந்து காணப்பட்டது. பழுதான வால்வை அகற்றிப் புதியதைப் பொருத்தும் திறமை அவரிடம் இருந்தது. பொருத்துவதற்கு வேண்டிய வால்வோ வெளிநாட்டிலிருந்து பெரும் பணத்துக்கு வரவேண்டியிருந்தது. வால்வு வாங்க வழியற்ற நோயாளிக்கு வைத்தியரின் பயிற்சி எதற்கு? இவ்விடத்திலேதான் அவருடைய குறிக்கோள் திரும்பியது. அவர் தொடக்கிய நிறுவனத்திலே வைத்தியசாலை ஒரு பாதி. கருவி ஆக்கும் தொழில்நுட்பப் பகுதி மறு பாதி. பூஜப்புரையிலுள்ள பழைய அரண்மனையொன்றிலே பொறியியலாளரும், இரசாயனரும், உலோக அறிஞரும் ஒன்றுகூடினர். 1980இலே இந்திய நாடாளுமன்றம் சட்டமியற்றி அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் உடையதாக்கியது.

வால்வு ஆக்கிய வரலாறு விரித்துரைக்கத் தக்கது. ஏனெனில் உயிர்மருத்துவப் பொறியியலாளனின் வாழ்நாள் எவ்வாறு செலவாகும் என்பதை அது உள்ளபடி காட்டுகின்றது. இருதயம் நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கின்றது எனக் கொண்டால், வால்வு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறையும், ஆண்டொன்றுக்கு 3 கோடியே 60 இலட்சம் முறைக்கு மேலும் திறந்து மூடல் வேண்டும். அது தேயலாகாது, உடையலாகாது, குருதியை உறையச் செய்யலாகாது, செல்லும் குருதியணுக்களை நசுக்கலாகாது. சாய்ந்து திறக்கும் வட்டொன்றை உலோகக் கூட்டினுள் வைத்து ஆக்கும் முறையை அக்குழுவினர் தெரிந்தெடுத்தனர். ஜி. எஸ். புவனேசுவர் என்னும் பொறியியலாளர் அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். தொடக்கத்து மாதிரிகள் பொருளின் குறையினாலே தோற்றன. பின்னொரு மாதிரியிலே வட்டு நீலக்கல்லினால் ஆக்கப்பட்டது. இரத்தினபுரியிலும் எலகெரவிலும் மண்ணிலிருந்து எடுக்கும் கல் அன்று. அதே இனத்து, செயற்கையாக வளர்த்த படிகம். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைத்து எண்ணப்படுவது. ஆடுகளிலே பொருத்திச் சோதித்தபோது அனைத்தும் நலமாகவே சென்றன. பின் ஓர் ஆடு திடீரென இறந்தது. அறுத்துப் பார்க்க, வட்டு உடைந்திருக்கக் கண்டனர்.

ஒரே ஓர் ஆடு இறந்தமைக்காக ஆண்டுக்கணக்கான உழைப்பைக் கைவிடுவதா என அக்குழுவினர் வாதிட்டிருந்தால் அதில் வியப்பில்லை. அவர்கள் அம்மாதிரியைக் கைவிட்டனர். கடினமான பொருளை விடுத்து, மென்மையும் உறுதியும் ஒருங்கே உடைய பொலியெதிலீன் வகையொன்றினால் வட்டை ஆக்கினர். இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையிற் பயன்பட்டுத் தேறிய பொருள் அது. கூட்டைக் கோபால்ட், குரோமியம் முதலியன கலந்த உலோகத்தினால் ஆக்கினர். அந்நான்காம் மாதிரியே நிலைத்தது. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக மனித இருதயத்திற் பொருத்தப்பட்டது. பல வைத்தியசாலைகளில் நடைபெற்ற சோதனைக்குப் பின், டி.டி.கே. நிறுவனம் அதனை ஆக்கி விற்கும் பொறுப்பை ஏற்றது. அன்று தொடங்கி இன்று வரை 1 இலட்சத்துக்கு மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. இறக்குமதி வால்வினும் அதன் விலை பெரிதும் குறைவு. அதே நிறுவனத்திலே பிறந்த குருதிப் பையும் பெருந்தொழிலாக வளர்ந்தது. வலியத்தான் 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் காலமானார்.

வால்வின் தொடக்கத்திலிருந்து முதற் பொருத்துகை வரை பதினைந்து ஆண்டுகள் அளவிற் கழிந்தன. மேனாட்டுப் பட்டத்தோடு மீண்ட ஒருவர் அதே காலத்தில் எத்தனை ஆயிரம் சத்திரசிகிச்சைகள் செய்து எவ்வளவு பொருள் ஈட்டியிருக்கலாம் என்பதை வாசகர் கணித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது சான்று, வெளிநாட்டுக் கல்வி எங்கே தவறும் என்பதையும் காட்டுவது. ராஜஸ்தானத்தின் ஜெய்ப்பூரிலே சவாய் மான்சிங் வைத்தியசாலையிற் பணியாற்றியவர் பி. கே. சேத்தி. அவர் 1954இல் எடின்பரோவில் எவ்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றவர். காலிழந்தோருக்கு அந்நாளில் மேனாட்டு முறைச் செயற்கைக் கால்களே வழங்கப்பட்டன. மரத்தினாலான உட்பாகமும் அசையாத கணுக்காலும் உடையது அம்முறைப் பாதம். அதனைப் பெற்றுச் சென்ற குடியானவர்கள் சில நாளிலே அதனை மூலையிற் போட்டுவிட்டு ஊன்றுகோலை எடுத்தனர். குந்தியிருக்க அது இடந்தரவில்லை; சம்மணமிட இடந்தரவில்லை; சேற்று வயலில் இறங்க இடந்தரவில்லை; சப்பாத்தின்றி நடக்கவும் இடந்தரவில்லை. நோயாளிக்குக் கருவியைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று கூறி அமைதியடைவது எளிது. பட்டம் பெற்றோர் பலர் அவ்வாறே அமைதியடைகின்றனர். சேத்தி அவ்வாறு செய்யவில்லை.

அதே வைத்தியசாலையிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர் ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. கைத்திறன் மிகப் பெரிது. இருவரும் சேர்ந்து, சக்கர இறப்பரைப் பதப்படுத்தும் உள்ளூர்ப் பட்டறையின் உதவியோடு, இறப்பரினால் பாதம் ஒன்றை வார்த்தனர். மனிதப் பாதத்தின் உருவமும் நிறமும் உடையது, எத்திசையிலும் வளைவது, நீரிலும் சேற்றிலும் கெடாதது. 1968இல் வெளிப்பட்ட அதுவே ஜெய்ப்பூர்க் கால் என உலகெங்கும் பெயர் பெற்றது. 1981இல் சேத்திக்கு மக்சாசே விருது கிடைத்தது. எடின்பரோவின் கல்வி அவருக்குக் காலின் எலும்பையும் தசையையும் கற்பித்தது. பாதத்தின் தேவையை அவர் கற்றது வெறுங்காலோடு வந்த நோயாளியிடத்திலே. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அக்கால் பிறந்திராது. எனினும் விருதுகளும் புகழும் பெரும்பாலும் பட்டம் பெற்றவரையே சென்று சேர்ந்தன. கைவினைஞரின் பெயரைப் பலர் அறியார் என்பதையும் குறித்தல் வேண்டும். இலங்கையிலே யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இம்முறைக் கால்கள் ஆக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. போரிலே காலிழந்த பல்லாயிரவருக்கு அது துணையாயிற்று.

மேற்கூறிய இருவரும் வைத்தியர்கள். பொறியியலாளர் ஒருவரின் போக்கைக் காண்பதற்குத் தமிழ்நாட்டை நோக்கல் தகும். சுஜாதா ஸ்ரீநிவாசன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். ஒகையோ மாநிலத்திலே மேற்படிப்பு முடித்து, மனிதர் நடக்கும் முறையையும் செயற்கைக் கால் அணிந்தோர் நடையையும் ஆராய்ந்து கலாநிதியானார். இயந்திரங்களின் அசைவைக் கற்கச் சென்றவருக்கு, நடையிழந்த மனிதரின் அசைவு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. குறிக்கோள் மாறுவதற்கு வெளிநாட்டுக் கல்வி தரும் முதல் உதவி இதுவே: தாய்நாட்டிலே பாடத்திட்டத்தில் இல்லாத துறை ஒன்று உலகில் உண்டு என்பதை அது காட்டுகின்றது. 2008இலே சென்னைக்கு மீண்டு தாம் கற்ற கழகத்திலேயே ஆசிரியரானார். அங்கு அமைந்த மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2019இல் ‘அரைஸ்’ என்னும் சக்கர நாற்காலி வெளிவந்தது. அமர்ந்திருப்பவர் தம் கைவலியாலேயே எழுந்து நிற்கும் நிலைக்கு அது உதவுகின்றது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். எழுந்து நிற்கச் செய்யும் நாற்காலிகள் மேனாட்டில் முன்னரே உண்டு. அவற்றின் விலை பெரிது. இதன் விலையோ 2019இல் வெளிவந்தபோது இந்திய நாணயத்திலே ரூபா 15,000 அளவினதாயிருந்தது. 2022இல் அதே நிலையம் ‘கதம்’ என்னும் செயற்கை முழங்காலை வெளியிட்டது. நன்றாக மடங்கும் தன்மையை அதற்கு அளித்தனர். பேருந்தின் நெருக்கமான இருக்கையில் ஒருவர் காலை மடக்கி அமர்வதற்கு அஃது இன்றியமையாதது. பேருந்து இருக்கையை அளந்து முழங்காலை வகுக்கும் எண்ணம், பேருந்தே பெரிதும் இல்லாத அமெரிக்க ஊர்களில் எளிதில் எழாது.

இலங்கையிலும் இத்தகைய போக்கு உண்டு. மொறட்டுவையிற் பொறியியல் கற்ற ருவன் கோபுர, யப்பானின் சாகா பல்கலைக்கழகத்திலே, தளர்ந்த கைக்கு வெளியிலிருந்து வலுவூட்டும் இயந்திரச் சட்டகங்கள் பற்றி ஆராய்ந்து 2009இற் கலாநிதியானார். பின்னர் மொறட்டுவையிலே உயிரியந்திரவியல் ஆய்கூடம் ஒன்று அவர் முயற்சியால் வளர்ந்தது. செயற்கைக் கைகள் பற்றிய ஆய்வு அங்கு நடைபெறுகின்றது. ஒருவர் மீண்டு வந்தமையால், அடுத்த தலைமுறை மாணவன் அதே பொருளைக் கடல் கடவாமலே தொடங்கக் கூடியதாயிற்று.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். மீளாதோர் பலர். அவர்களை நன்றியற்றோர் என்று பழிப்பது மேடைப் பேச்சுக்கு உகந்தது, உண்மைக்கு உகந்ததன்று. மேனாட்டுப் பெரிய ஆய்கூடத்திலே சேரும் மாணவனுக்குப் பெரும் பிரச்சினையின் ஒரு சிறு துணுக்கே பங்காக அளிக்கப்படுகின்றது. செயற்கைக் கண்ணின் ஒரு மின்வாயின் மேற்பூச்சைப் பற்றி அவன் நான்கு ஆண்டு ஆராயலாம். அத்துணுக்கிலே அவனுக்கு நிகரில்லை. ஆயின் அத்துணுக்குக்கு இடம் தரும் தொழிற்சாலை உலகிலே சில நகரங்களில் மாத்திரமே உண்டு. கற்றது ஒடுங்க ஒடுங்க, கற்றதைப் பயன்படுத்தும் இடமும் ஒடுங்குகின்றது. இவ்வாறு அவனுடைய குறிக்கோளை அவனறியாமலே அவனுடைய ஆராய்ச்சித் தலைப்புத் தீர்மானித்து விடுகின்றது. மீள்வதா மீளாதிருப்பதா என்னும் முடிவைப் பட்டம் பெற்ற நாளில் அவன் எடுப்பதாகக் கருதுகின்றோம். உண்மையில் அது தலைப்பைத் தெரிந்த நாளிலேயே பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டது.

மீண்டு வருவோருக்கும் ஓர் இடர் உண்டு. மேனாட்டிலே இப்பட்டதாரிக்குப் பல வாயில்கள் திறந்துள்ளன: ஆராய்ச்சி, கருவி வகுத்தல், கருவியின் பாதுகாப்பைச் சட்டப்படி மதிப்பிடல், வைத்தியசாலைப் பொறியியல் எனப் பலவாகும். நம் நாட்டிலோ பெரும்பாலும் இரண்டே வாயில்கள். ஒன்று, இறக்குமதிக் கருவிகளை விற்கும் நிறுவனம்; மற்றையது, சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியற் சேவை போன்ற அரச பணி. கருவி ஆக்கும் கனவோடு வந்தவன், விற்கும் தொழிலை இழிவென்றும் பழுது பார்க்கும் தொழிலை அதனினும் இழிவென்றும் எண்ணி மனம் சலிக்கின்றான். வெளிநாட்டுக் கல்வி தரும் குறிக்கோளிலே இஃது ஒரு பெரும் பழுது என்றே கொள்ளல் வேண்டும். 2011இலே பெரி, மல்கின் என்னும் இருவர் வறிய நாடுகள் பதினாறின் வைத்தியசாலைகளிலிருந்து 1 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 38 இயங்காது கிடந்தன. பயிற்சி பெற்றோர் இன்மை, உதிரி உறுப்பு இன்மை, மின்சாரக் குறை என்பனவே காரணங்கள். புதிய கருவி ஒன்றை வகுத்து நாட்டுக்கு அளிப்பவனுக்குப் பத்து ஆண்டு வேண்டும். மூலையிற் கிடக்கும் கருவியை இயங்கச் செய்பவனுக்குச் சில நாட்கள் போதும். நோயாளிக்கு இரண்டும் ஒன்றே.

உதிரி உறுப்பும் அந்நியச் செலாவணியும் எவ்வளவு நெருங்கிய உறவின என்பதை 2022ஆம் ஆண்டு எல்லார்க்கும் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியிலே பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினாலே முன்னர் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. மாத்தளையிலிருந்து கண்டி வழியாக நோயாளர் செல்லும் பெரிய வைத்தியசாலைகளுள் அஃது ஒன்று. சத்திரசிகிச்சை வைத்தியர் இருந்தனர், கூடம் இருந்தது, நோயாளி கட்டிலில் இருந்தார். வரவேண்டியவை கப்பலில் வரவில்லை. அதே ஆண்டிலும் அதனை அடுத்தும் பொறியியலாளரும் வைத்தியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டு நீங்கினர். வலியத்தான் 1974இலே எதிர்நோக்கிய நிலையும் இதுவும் வேறன்று.

மாத்தளை மாவட்டத்து மாணவன் கடல் கடக்கும்முன் தன் மாவட்டத்தையே கருவி வகுப்போன் கண்ணோடு ஒருமுறை சுற்றி வருவானாயின், அவன் பெட்டியிலே எடுத்துச் செல்லத்தக்க வினாக்கள் பல கிடைக்கும். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைச் சரிவிலே, மழை நாளில், முதுகிலே கூடையோடு ஏறி இறங்குபவர் ஒரு காலை இழந்தால் அவருக்கு ஏற்ற கால் யாது? ஜெய்ப்பூர்க் கால் ராஜஸ்தானத்துச் சமநிலத்துக்கெனப் பிறந்தது. மலைச்சரிவு அதற்கும் புதிது. இறப்பர் மரமோ மாத்தளையிலேயே நிற்கின்றது. செயற்கை உறுப்புப் பொருத்துவோரைப் பயிற்றும் பாடசாலை ராகமையிலே 2004 முதல் உண்டு. கற்றவரும், பொருளும், தேவையும் நூறு மைல் வட்டத்துள் இருக்க, அவற்றை இணைப்பவர் அரியர்.

மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே, மகாவலியின் அயலிலுள்ள வில்கமுவைப் பகுதி வேறொரு வினாவை எழுப்புகின்றது. காரணம் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், வட மத்திய மாகாணத்தைப் போலவே அங்கும் விவசாயிகளை வருத்துகின்றது. நோய் முற்றியவருக்குக் கொல்வ் தொடக்கிய அதே முறையிலான இரத்தச் சுத்திகரிப்பே உயிர் காப்பது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், நோயாளி இயந்திரத்தோடு இணைக்கப்படுகின்றார். அவ்வொரு முறைக்கு ஏறத்தாழ 120 லீற்றர் தூய நீர் வேண்டும். அந்நீரில் உப்பும் உலோகமும் நீக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் சுத்திகரிப்பே நஞ்சாகும். மேனாட்டு வைத்தியசாலையில் இக்கலையைக் கற்கும் மாணவன் இயந்திரத்தையே நோக்குகின்றான். நீர் சுவரிலுள்ள குழாயில் வருகின்றது. வில்கமுவைப் பகுதி மாணவனுக்கு நீரே முதற் பிரச்சினை.

நுண்சவ்வின் ஊடாக அழுத்தத்தினால் நீரைச் செலுத்தித் தூய்மை செய்யும் முறை, சுத்திகரிப்பு இயந்திரத்துக்கும் குடிநீருக்கும் பொதுவானது. 2015ஆம் ஆண்டளவு தொடக்கம் இலங்கைக் கடற்படையினரே இத்தகைய குடிநீர்ப் பொறிகளைத் தம் பட்டறையில் இணைத்து, நோய் பரவிய கிராமங்களில் நூற்றுக்கணக்கில் நிறுவியுள்ளனர். வெளிநாட்டுப் பட்டம் எதுவும் கொண்டு வராத விடை அது, பாராட்டத்தக்கது. ஆயினும் அப்பொறியினுட் செல்லும் நீர் முழுவதும் தூயநீராக வெளிவருவதில்லை. ஒரு பகுதி, நீக்கப்பட்ட உப்புக்கள் அனைத்தையும் சுமந்துகொண்டு கழிவாக வெளியேறுகின்றது. கிணற்றடியிலேயே அக்கழிவை ஊற்றினால் அது மீண்டும் அதே நிலத்தடி நீரைச் சென்று சேரும். சவ்வும் சில ஆண்டுகளிற் பழுதடையும். புதிய சவ்வு கப்பலில் வருதல் வேண்டும். மலிவான சவ்வை உள்நாட்டிலே எவ்வாறு ஆக்குவது, கழிவை எவ்வாறு குறைப்பது, குறைத்த கழிவை எங்கே சேர்ப்பது என்பன கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆராய்ச்சித் தலைப்புகளே. எந்நாட்டுப் பல்கலைக்கழகமும் அவற்றை ஏற்கும்.